தினம் ஒரு குறை

“இன்னைக்குக் காலை டிபனுக்கும் எழுதிட்டான் ராஜம்மா. ‘சாம்பார் ஒரே தண்ணி, காய் வேகல.’ கீழ பேரு வேற, அறிவுமதின்னு.”

உலகம்மாள் நோட்டை மூடி வைத்தாள்.

தென்காசிப் பக்கமிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் கேன்டீன் எடுத்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நூற்றுச் சொச்சம் பேருக்குச் சமையல். சாப்பிட்டவர்கள் கருத்து எழுத வாசலில் ஒரு நோட்டு. எல்லாரும் ‘நன்று’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அறிவுமதி மட்டும் தினம் ஒரு குறை.

“வுடுக்கா. குறை சொல்றதுக்குன்னே சில பேரு கீறாங்க,” என்றாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராஜம்மா.

“எப்படி விடச் சொல்லுத? மூணு மணிக்கு எச்.ஆர். சார் வரச் சொல்லியிருக்காரு. இவன்தான் போட்டுக் குடுத்திருப்பான்.”

மதியச் சாப்பாட்டு வரிசையில் ஜாஸ்மின் முதலில் வந்தாள்.

“வாசனையே சூப்பரா கீதுக்கா.”

உலகம்மாளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பின்னால் நின்ற அறிவுமதி தட்டை நீட்டியதும் அதுவும் போய்விட்டது.

“தம்பி, பிடிக்கலன்னா வீட்டுலேர்ந்து கட்டிட்டு வாங்க. தினமும் எழுதி என் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுதீங்க?”

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அறிவுமதியின் முகம் சிவந்தது.

“தண்ணியா இருந்துச்சுக்கா. அதான் எழுதினேன்.”

அவ்வளவுதான் சொன்னான். அதே சாம்பாரை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் துடைத்த மேடையையே துடைப்பதுமாக மூன்று மணி ஆனது.

எச்.ஆர். அதிகாரி புருஷோத்தமன் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“கேன்டீனை வேற ஆளுக்குக் குடுக்கணும்னு மனு வந்திருக்கும்மா. எழுபத்திரண்டு கையெழுத்து.”

பிள்ளைகள் இரண்டையும் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

“இது அந்த அறிவுமதி வேலைதான் சார். எனக்கு அப்பமே தெரியும்.”

“படிச்சுப் பாருங்க.”

முதல் கையெழுத்து ஜாஸ்மின். அதற்குக் கீழே வரிசையாக, நோட்டில் ‘நன்று’ எழுதியவர்கள். விரல் வைத்துக் கடைசி வரை தேடினாள்.

“அவன் பேரைக் காணோமே சார்?”

“அவர் போடல. எங்கிட்ட நேரா வந்து சண்டை போட்டார். ‘அவங்ககிட்ட ஒருநாள்கூட குறை சொல்லாதவங்க, இப்ப அவங்களை அனுப்பச் சொல்லிக் கையெழுத்து போடறது நியாயமில்ல சார். டைம் குடுங்க, சரி பண்ணிக்குவாங்க’ன்னார். அவருக்காகத்தான் ஒரு மாசம் குடுக்கறேன்.”

உலகம்மாளால் நிமிர முடியவில்லை.

“ஒரு நிபந்தனைம்மா. இனிமே பரிமாறறதுக்கு முன்னாடி, தொழிலாளி ஒருத்தர் ருசி பார்த்து சரின்னு சொல்லணும். உங்களுக்குத் தோதான ஆள் யாரையாவது நீங்களே சொல்லுங்க.”

“அறிவுமதித் தம்பியைப் போடுங்க சார்,” என்றாள் உலகம்மாள்.