கையெழுத்துப் போடாத சர்வர்

"எங்கள் சேலை முதல் அலசலிலேயே சாயம் போகும். தீபாவளிக்கு வேறு இடம் பாருங்கள். இப்படிக்கு, மருதப்பன்."

சப் இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரி அந்த மெயிலை இரண்டாவது முறை படித்தார். சிரிப்பு வந்தது. எதிரே மருதப்பனின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

சங்கரன்கோவிலில் நாற்பது விசைத்தறி ஓட்டுகிறவர் மருதப்பன். திங்கட்கிழமை இந்த மெயில் அவர் பெயரில், அவர் முகவரியிலிருந்தே, இருநூற்றுப் பன்னிரண்டு வியாபாரிகளுக்குப் போயிருக்கிறது. புதன்கிழமைக்குள் பாதிப் பேர் தீபாவளி ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். மீதிப் பேரும் போனால் தறியை நிறுத்த வேண்டியதுதான்.

"உங்க மெயில் சர்வர் எங்க இருக்கு?"

மருதப்பன் ஆபீஸ் அறையின் மூலையைக் காட்டினார். சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. தொழில் கடிதங்களை வெளியாரிடம் ஒப்படைக்க மனமில்லாமல் அவர் சொந்தமாக வாங்கி வைத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் மாரிச்செல்வம் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"இவன் பாத்துக்கிடுத லச்சணத்தைக் கேளுங்க மேடம். ஒரு மாசமா நாங்க அனுப்புத மெயில் ஒண்ணுகூட உருப்படியாப் போகலை. எல்லாம் ஸ்பாம்ல போயி விழுது."

"ஏம்ப்பா?"

"சர்வர் ஒவ்வொரு மெயில்லயும் ரகசியமா ஒரு கையெழுத்துப் போடும் மேடம்," என்றான் மாரிச்செல்வம், தலை நிமிராமல். "வாங்குத பக்கம் அதைச் சரிபாப்பாங்க. நம்மளோடது பொருந்த மாட்டேங்கு. காரணத்தைத் தேடிக்கிட்டே இருக்கேன்."

"தேடுதான், தேடுதான், ஒரு மாசமாத் தேடுதான்! தறியில நூல் அறுந்தா எங்க மாடத்தி ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சு முடிச்சுப் போட்டிருவா. இவரு இன்ஜினீயராம்!"

தறிக்கூடத்து வாசலில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இது தினசரி பூஜை என்று சண்முகசுந்தரிக்குப் புரிந்தது.

தென்காசி சைபர் கிரைம் பிரிவிலிருந்து வந்த அறிக்கையைப் பிரித்தார். "வேடிக்கை என்னன்னா, இந்தப் பொய் மெயில்ல மட்டும் கையெழுத்து அச்சுப் பிசகாமப் பொருந்துது. அதான் எல்லாருக்கும் நேரா இன்பாக்ஸுக்கே போயிருக்கு." மாரிச்செல்வத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீ அனுப்பலையே?"

மாரிச்செல்வத்தின் முகம் வெளிறியது. "அந்த வித்தை தெரிஞ்சிருந்தா மொதல்ல நம்ம மெயிலுக்குப் பண்ணியிருக்க மாட்டேனா மேடம்? தினம் இந்த ஏச்சு வாங்குவேனா?"

"அது வாஸ்தவம்," என்று மருதப்பனே சாட்சிக்கு வந்தார். "இவனுக்கு அவ்வளவு மூளை கெடையாது மேடம், நான் சத்தியம் பண்ணுதேன். புளியங்குடியில எனக்குப் போட்டியா ஒருத்தன் தறி போட்டிருக்கான். புதுசா ஒரு கம்ப்யூட்டர்காரனைச் சேத்திருக்கானாம். அவன்தான் உள்ள புகுந்திருக்கான்."

பாதிக்கப்பட்டவரே இப்படிச் சாட்சி சொன்ன பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? சண்முகசுந்தரி அறிக்கையை மூடினார். "சரி தம்பி, நீ போகலாம்."

மாரிச்செல்வம் பெருமூச்சு விட்டு நகர்ந்தான். மருதப்பன்தான் விடவில்லை.

"ஆனா ஒண்ணு மேடம், அந்தப் புளியங்குடிக்காரன் மூளைக்காரன்தான். இவன் ஒரு மாசமாத் திணறுனதை ஒரே நாள்ல முடிச்சிட்டான் பாருங்க! பிடிச்சீங்கன்னா ஜெயில்ல போட்டிராதீங்க. இவன் நாற்காலியில கொண்டாந்து உக்கார வைக்கேன். ஏலே மாரி, நீ அவன்கிட்டப் போயி நாலு நாள் பாடம் படி."

தறிக்கூடத்து வாசலில் மறுபடியும் சிரிப்பு.

வாசல் வரை போன மாரிச்செல்வம் திரும்பினான். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன பெரிய மூளை அண்ணாச்சி? எல்லா மெயிலுக்கும் அடியில 'மருதப்பன் சேலை, மகராசி கட்டும் சேலை'ன்னு ஒரு வரி போடச் சொன்னீங்கள்லா? சர்வர் கையெழுத்துப் போட்ட பெறவு அந்த வரி போயி ஒட்டுது. கையெழுத்தான பத்திரத்துல பெறவு ஒரு வரி சேத்தா அது செல்லுமா? அந்த வரியை எடுத்தேன், டக்குன்னு பொருந்திட்டு. புளியங்குடிக்காரனாம், மூளைக்காரனாம்!"

மருதப்பன் வாயைப் பிளந்தார். "நீயாலே சரி பண்ணினே? எப்போ?"

"திங்கக்கிழமை காலையில," என்றான் மாரிச்செல்வம், நெஞ்சை நிமிர்த்தி. "அந்த மெயிலை அனுப்புததுக்குப் பத்து நிமிசம் முன்னாடி!"