கடைசிப் பக்கச் செய்தி

"ஒரே ஒரு கோல்தான் அண்ணாச்சி. அதுவும் கடைசி நிமிஷத்துல," என்றான் அமீருதீன். கையிலிருந்த மலையாளப் பத்திரிகையை நான்காக மடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான்.

இசக்கிமுத்து தலையாட்டினார். ஜூ டவுன் கடைத்தெரு முனையில் அவருக்கு ஒரு கடலைக் கடை. வறுத்த கடலையைப் பொட்டலம் மடித்து அடுக்கிக்கொண்டே, திருச்சூர்க்காரர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்களா என்று கேட்டார்.

அவருடைய மகன் வாஞ்சிநாதன் எர்ணாகுளத்தில் கல்லூரி அணியின் கோல்கீப்பர். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, திருச்சூரில் இறுதி ஆட்டம். காலையில் அணி வேனில் கிளம்பிப் போயிருந்தது.

போன வாரம் அரையிறுதியில் ஜெயித்தபோது, வாஞ்சியின் முகம் தபால்தலை அளவுக்குப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்தது. இசக்கிமுத்து அதை வெட்டிக் கடலை டின்னில் ஒட்டி வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் அவருக்கு மலையாளத்தில் ஓர் எழுத்து வாசிக்க வராது. பழைய மலையாளப் பத்திரிகைகளைக் கிழித்துப் பொட்டலம் மடிக்கத்தான் தெரியும்.

கடை முன்னால் மூன்று ரசிகர்கள் நின்றார்கள். அமீருதீன் மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவன். சிகாபுதீன் தையல்காரன். மூன்றாவது ஆள் பக்கத்துச் சாயாக்கடை அழகர். மூவரும் பந்தைக் காலால் தொட்டதே கிடையாது. அதனால் பந்தாட்டத்தில் அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

அணி தோற்றால் மூவரும் கேப்டனில் தொடங்கி, தண்ணீர் கொண்டுபோகிறவன் வரை கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். இன்று ஏனோ பேச்சில் சுருதியே இல்லை. நம்ம பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள் என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள்.

அந்த கோல் எப்படி விழுந்தது என்று கேட்டார் இசக்கிமுத்து.

"கார்னர்," என்றான் அமீருதீன். அதே நேரத்தில் "பெனால்டி," என்றான் சிகாபுதீன்.

அழகர்தான் சமாளித்தார். கார்னரில் வந்த பந்து நம்ம பையன் ஒருத்தன் கையில் பட்டு, அதனால் பெனால்டி கொடுத்துவிட்டார்களாம். மற்ற இருவரும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

"வாஞ்சி மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி," என்றான் சிகாபுதீன். "அவன மாதிரி ஒரு கீப்பர் இனி வரணும்."

"போன வருசம் தோத்தப்பம் அவன ஓட்டக் கைன்னு சொன்னது நீதானலே?" என்றார் இசக்கிமுத்து.

சிகாபுதீன் தரையைப் பார்த்தான். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றான். அந்தக் குரலைக் கேட்டு அழகர் சட்டென்று சாயா எடுத்துவரப் போய்விட்டார்.

நாலு கிளாஸ் சாயா வந்தது. ஆடை படர்ந்ததே தவிர யாரும் எடுத்துக் குடிக்கவில்லை. சிகாபுதீன் தபாலாபீஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அண்ணன் அங்கே திருச்சூருக்கு ட்ரங்க் கால் போடப் போயிருந்தான்.

"பெறகு ஏன் பய இன்னும் வீட்டுக்கு வரல?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தோத்துட்டு மொகத்தக் காட்ட நாணக்கேடா இருக்கும்," என்றார் அழகர். "ஹாஸ்டல்ல கூட்டுக்காரங்களோட படுத்திருப்பான்."

"தோத்தா என்ன? சுள்ளிக்கல் வீட்டுல அவன் ஆத்தா நெய்மீன் கொழம்பு வச்சி மூடி வச்சிருக்கா. நேத்து வச்சது. தொடவே இல்ல."

அமீருதீன் மறுபடியும் ஆட்டத்துக்கே ஓடினான். இரண்டாவது பாதியில் வெயில் நம்ம பக்கம் கண்ணில் அடித்ததாம். பேக் ஆடியவனுக்குக் காலில் பிடிப்பாம். ரெஃபரி விசிலை இரண்டு நிமிஷம் தள்ளி ஊதினாராம். அந்த இரண்டு நிமிஷம் இல்லையென்றால் கப்பு நமக்குத்தான் என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க நின்றான். சொல்ல வேறு ஒன்றும் மிச்சமில்லை.

இசக்கிமுத்து ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். கை மட்டும் நிற்கவில்லை. முறத்தில் இருந்த கடலை எப்போதோ தீர்ந்துவிட்டது. அவர் வெறும் பொட்டலங்களை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். முதலில் அதைக் கவனித்தவர் அழகர்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அமீரு," என்றார் இசக்கிமுத்து, நிமிராமலே. "பந்து சேதி கடைசிப் பக்கத்துலல்லா வரும். நீ பிடிச்சிருக்கது மொதப் பக்கம். மடிப்புக்கு வெளிய படத்துல வேன் சக்கரம் ஆகாசத்தப் பாத்துக் கெடக்கு."

அமீருதீன் கட்டைவிரலைப் பத்திரிகையின் மேல் இன்னும் அழுத்தினான்.

"வெரல எடு. எம்மவன் மொகத்த ஒருதடவ பாத்துக்கிடுதேன்."