மூன்றாவது கேள்வி

முன் வரிசையில் இரண்டு பேர், விரிவுரையாளர்கள் ஹரிபாபுவும் ஸ்ரீதேவியும். இரண்டாவது வரிசையில் மாணவர்கள் ஏழு பேர், சுவர் ஓரம் காவ்யா, ஆறாவதாக யஸ்வந்த். கதவை ஒட்டிய ஏழாவது நாற்காலி நளினியுடையது. சம்பவம் நடந்தபோது அது மட்டும் காலியாக இருந்தது.

இவ்வளவையும் எண் போட்டு எழுதிவிட்டு எத்திராஜ் பேனாவை மூடினார். சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் கடிதங்களை முப்பத்திரண்டு வருடமாக அவர்தான் எழுதுகிறார். அவர் எழுதியதில் ஒரு வரி பொய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

சம்பவம் சனிக்கிழமை மதியம் நடந்தது. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி ஹாலில் ஒரு படம் போட்டார்கள். ஆடுவதையே அரசாங்கம் தடை செய்துவிட்ட ஒரு நாடு. அங்கே தையல் வேலை செய்யும் பெண்ணொருத்தி உப்புக் கிடங்கில் ஒளிந்து ஆடப் பழகுகிறாள். கடைசியில் வெளியே சிப்பாய்கள் வந்து நிற்க, சத்தம் கேட்டுவிடுமென்று பாட்டே இல்லாமல் ஆடுகிறாள்.

அப்போதுதான் திரையில் இன்னொரு நிழல் விழுந்தது. தலை கூரையில் இடிக்கும் அளவுக்குச் சுவரை நிறைத்துக்கொண்டு அது அவளோடு சேர்ந்து ஆடியது. கையில் நீளமாக ஒரு துணி பறந்தது. திரும்பிப் பார்த்தவர்களுக்குப் புரொஜெக்டர் வெளிச்சம்தான் கண்ணில் அடித்தது. யஸ்வந்த் தடுமாறிப் போய் விளக்கைப் போடுவதற்குள் நிழல் போய்விட்டது.

போன வருடத்திலிருந்து கல்லூரிக்குள் யாரும் ஆடக் கூடாது என்பது கல்லூரியை நடத்தும் திருப்பதி கமிட்டியின் உத்தரவு. மீறினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி அங்கே போய்விட்டது. திங்கட்கிழமை காலை பிரின்சிபால் நாகேந்திரன் எத்திராஜைக் கூப்பிட்டார்.

படம் போட அனுமதி கொடுத்தவர் என்பதால் கமிட்டி அவரையே நம்பவில்லை. நேரில் பார்த்தவரே எழுதி, உறையை ஒட்டி, அவர் கண்ணில் காட்டாமல் அனுப்ப வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். சொன்னதை நாகேந்திரன் ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருந்தார்.

"மூணே கேள்விதான் எத்திராஜ். யார் யார் வந்தாங்க, எங்கெங்க உக்காந்தாங்க, ஆடினவ யாரு. அப்டியே எழுதுங்க, கூட்டவும் வேணாம் கொறைக்கவும் வேணாம்."

எத்திராஜ் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"புரொஜெக்டர் கிட்ட நின்னது நீங்கதான். உங்களுக்குத் தெரியாம இருக்காது," என்றார் நாகேந்திரன்.

"தெரியும் சார். எழுதிடறேன்."

நாகேந்திரன் குரலைத் தாழ்த்தினார். துப்பட்டா பறந்ததை எல்லோருமே பார்த்திருக்கிறார்கள்; காலியாக இருந்தது ஒரே நாற்காலி; பலமனேர் பள்ளியில் ஆடிப் பரிசு வாங்கியவளும் அந்தப் பெண்தான். ஒரு பேர் போனால் கமிட்டி அடங்கிவிடும், தன் வேலையும் தங்கும் என்றார். எத்திராஜ் வெளியே வந்தார்.

மத்தியானம் நளினி அவர் மேசை அருகே வந்து நின்றாள். சிப்பாய்கள் வந்ததும் பார்க்க முடியாமல் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அங்கே அவளைப் பார்த்தவர் யாருமில்லை. வகுப்பில் எல்லோரும் அவளை 'நிழலு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"எம்பேரு அதுல வந்துச்சுன்னா, நைனா மண்டியில காய்கறிய அப்டியே போட்டுட்டு வந்து கூட்டிக்கினு பூடுவாரு சார். அப்புறம் படிப்பு ஏது, கல்யாணம்தான்."

எத்திராஜ் தலையை நிமிர்த்தவில்லை. "காலியா இருந்த நாற்காலிய காலின்னுதாம்மா எழுத முடியும்."

அவள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மூன்றாவது கேள்விக்கு ஒரே வரி. அதை எழுத எத்திராஜுக்கு அரை மணி நேரம் ஆனது. முதல் முறையாக ஒரு தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினார். மூன்றாக மடித்து உறையில் போட்டு, கோந்து தடவி ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு ஆபீஸ் முத்திரையைக் குத்தினார். முத்திரை கோணலாக விழுந்தது.

அட்டெண்டர் கங்கம்மாள் உறையை வாங்கிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனாள். நாலு மணிக்கு ரசீதோடு திரும்பி வந்து மேசைமேல் வைத்தாள். உடனே போகாமல் நின்றாள்.

"போயிடுச்சுண்ணா. இனிமே திரும்பி வாங்க முடியாது," என்றாள். "பாவம், தாயில்லாத பொண்ணு. அது பேர எழுதிட்டியா?"

எத்திராஜ் ரசீதை ரிஜிஸ்டரில் ஒட்டி, தேதி போட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மெல்ல மடித்தார்.

"'ஆடினவ யாரு'ன்னு கேட்டாங்க, அப்டி ஒருத்தியும் இல்லன்னு எழுதிட்டேன். 'ஆடினவன் யாரு'ன்னு கேட்டிருந்தா, எம்பேரத்தான் எழுதியிருக்கணும்."