கிளிப்பச்சை

மலையடிவாரத்துத் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே சண்முகவேலுக்குக் கண் சொக்கிவிடும். மேலே பனிமூட்டத்தில், அவர் கட்டப்போகும் இருபது காட்டேஜ்களும் மிதப்பதுபோல் தெரியும்.

அன்று காலை கிணற்றில் இறைத்த தண்ணீர் கிளிப்பச்சையாக மின்னியது. கனவோ என்று இன்னொரு வாளி இறைத்தார். அதுவும் பச்சை.

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவருக்கு வேறென்ன தோன்றும்? டையிங் மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"ஏப்பா இசக்கிமுத்து, பச்சைச் சாயத் தண்ணிய லாரியில கொண்டாந்து இங்க ஊத்திப்போட்டீங்களா?"

"இந்த வாரம் பூரா வெள்ளைத் துணிதான ஓடுது மொதலாளி, பச்சைய தொடவே இல்லியே!"

அதற்குள் அபிராமி வந்துவிட்டாள். காட்டேஜ் வந்தால் மலைக்கும் ஓடைக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை தர வந்திருப்பவள்.

"பாருங்க அம்மிணி, குடிக்கிற கிணத்துல எவனோ சாயத்தக் கலந்துட்டானுங்க!"

"அது நான்தானுங்க. பயப்படாதீங்க, ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது. மலைத் தண்ணி எந்த வழியா எங்க எறங்குதுன்னு பார்க்கறதுக்கு ஊத்துற சாயமுங்க."

"அதுக்குன்னு எங்க கிணத்துலயா ஊத்துவீங்க?"

"கிணத்துல ஊத்தலீங்க. மேல காட்டேஜ் கக்கூசுக்குன்னு குழி தோண்டி வெச்சிருக்கீங்கல்ல, நாலு நாள் முன்னாடி அதுல ஊத்துனேன்."

சண்முகவேல் மெல்ல அண்ணாந்து பார்த்தார். பனிமூட்டத்தில் இருபது காட்டேஜ்களும் அப்படியே மிதந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஃப்ளஷ்ஷை இழுக்கும் சத்தம் கேட்டது.