கோடு போட்ட பலகை

சருகு முழங்கால் உயரம் கிடந்த காட்டில், தீ தாண்டாதபடி சருகை ஒதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட அரசாங்கம் நிதி ஒதுக்கியிருப்பதாகச் சொல்லும் தகரப் பலகை மட்டும் இரண்டு கோடைகளாக நின்றது. கோடு வரவேயில்லை. இன்று மலையடிவாரத்தில் புகை எழுந்ததும் மாசாணி அந்தப் பலகையைப் பிடுங்கிக் குப்புறப் போட்டு, மேலே கல்லேற்றினாள். ஆணி ஓட்டைகளில் இரண்டு கயிறு கோத்தாள். ஊர்ப் பெண்கள் சேர்ந்து இழுத்தார்கள். தகரம் சருகை வாரி ஒதுக்க, காட்டுக்கும் குடிசைகளுக்கும் நடுவே வெறும் செம்மண் நீண்டது.

வனவர் மூச்சிரைக்க ஓடிவந்து, காட்டுப் பக்கம் சருகின் மேல் நின்றார்.

"அரசாங்கச் சொத்தும்மா அது! விடு!"

"கோடு போடத்தானே வந்துச்சு? இப்பத்தான் சார் போடுது."

"எழுத்தெல்லாம் தேயுதே, பெரிய ஆபீசர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"தேயட்டும். கோட்டை வந்து பாக்கச் சொல்லுங்க."

இடப்பக்கம் ஆள் போதாமல் பலகை கோணிக்கொண்டே போனது. காற்று திரும்பியது. புகை வனவரின் கண்ணைக் கரித்தது. மாசாணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடப்பக்கக் கயிற்றின் நுனியை மட்டும் அவர் பூட்ஸின் மேல் விழும்படி வீசினாள்.