தேனும் ஜலதோஷமும்

"இப்பல்லாம் ஜனங்க காதை வூட்லயே கழட்டி வெச்சிட்டு, வாயை மட்டும் சர்ச்சுக்கு எடுத்துகினு வராங்க" என்று முனகியபடி மைக் ஒயரைச் சுருட்டினார் சத்தியநாதன்.

சேலையூரில் அந்தச் சர்ச்சுக்குக் கோயில்பிள்ளை அவர். மணி அடிப்பது, விளக்குப் போடுவது, மைக் செட்டுக்கு ஒயர் சொருகுவது எல்லாம் அவர் பாடு. வேறு யார் கை பட்டாலும் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

ஆராதனை முடிந்தும் முன் பெஞ்சில் பஞ்சாயத்து கலையவில்லை. ஜெரூஷாவுக்கும் ஆஸ்டினுக்கும் கல்யாண ஓலை, அதாவது சபைக்கு முன்னால் சொல்லும் அறிவிப்பு, இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்று முறை வாசித்தால்தான் கல்யாணம். மூன்றாவதை அடுத்த வாரம் வாசிக்க விடுவதா, வேண்டாமா என்பதுதான் வழக்கு.

"போன வாரம் வரைக்கும் மாப்பிள்ளை கிட்டார் காதுல ஊசியா குத்துச்சு. ஐந்நூறைக் கழட்டிட்டு இருநூத்தம்பது போட்டாத்தான் பொண்ணுன்னு சொன்னேன். போட்டாரு. இன்னைக்குத் தேன்" என்றார் பெண்ணின் அப்பா ஞானஜோதி.

"தேனா? கிட்டாருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு சார். பழையபடி ஐந்நூறு. இல்லன்னா ஓலையே வேணாம்" என்றார் பையனின் அப்பா காலேப்.

"அது இன்னாப்பா ஐந்நூறு?" சத்தியநாதன் குறுக்கே வந்தார்.

ஆஸ்டின் இயர்போனைக் காதிலிருந்து கழற்றினான். வாசிக்கும்போது அவன் எலக்ட்ரிக் கிட்டார் அவனுக்கு அதில்தான் கேட்கும். "வால்யூம் குமிழுக்கு அடியில பாட்னு ஒண்ணு இருக்குண்ணா. அதுல ஐந்நூறு கிலோ ஓம் போட்டா சத்தத்துல கூர்மை அப்படியே நிக்கும். இருநூத்தம்பது போட்டா, வால்யூமை முழுசா வெச்சாலும் கூர்மை கொஞ்சம் வடிஞ்சிடும்."

"ஐந்நூறு கிலோவைத் தோள்ல மாட்டிகினு எப்படிப்பா நிக்கிற?" கிட்டாரை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். நம்புகிற மாதிரி இல்லை.

"புடவையெல்லாம் எடுத்தாச்சுப்பா" என்று ஜெரூஷா கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணா, மைக் செட்கிட்ட உக்காந்திருக்கிறது நீங்கதான். எது நல்லா இருந்துச்சு, சொல்லுங்க" என்றார் ஞானஜோதி.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுது."

"உங்களுக்குக் காது மந்தம்" என்றார்கள் இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

சத்தியநாதன் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். "சரி. வர்ற ஞாயிறு பொண்ணு வூட்டுக்காரங்க வலப்பக்கம் குந்துங்க. அந்த ஸ்பீக்கர்ல இருநூத்தம்பது வரும். பையன் வூட்டுக்காரங்க இடப்பக்கம். அங்க ஐந்நூறு. நான் பிரிச்சு வுட்டுடறேன்."

"ஒரே கிட்டார்ல அது எப்படிண்ணா..." என்று ஆரம்பித்த ஆஸ்டினின் காலை ஜெரூஷா மிதித்தாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் காலேப்.

ஞானஜோதி அவர் தோளில் கை போட்டார். "வாங்க சம்பந்தி, கேம்ப் ரோட்டுல ஒரு காபி சாப்பிடலாம்."

"தேனாம், ஜலதோஷமாம்" என்று தலையை ஆட்டிக்கொண்டே சத்தியநாதன் சர்ச்சுக்குப் பின்பக்கம் நடந்தார். கொடியில் காய்ந்திருந்த வேட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். ஈஸ்டர் சமயத்தில் பழைய கொடிக்கயிறு அறுந்ததிலிருந்து, கிட்டாரை மைக் செட்டோடு இணைக்க வேண்டிய அந்தக் கறுப்பு ஒயரில்தான் அவர் வேட்டி காய்கிறது.