அத்தை வேடத்துப் பூதம்

கனெமோரி ஆறு மாதம் கண் பூத்துப்போக வரைந்த நகல், இன்று காலை முதல் அசலின் இடத்தில் கம்பீரமாக நின்றது. தெருவே அதை வாய்பிளந்து பார்த்தது.

கியோன் திருவிழா வந்தால் கியோட்டோவின் அந்தத் தெருவில் பழைய வீடுகள் முன்னறையைத் திறந்து, பரம்பரை மடிப்புத் திரைகளை ஊருக்குக் காட்டும். கிமோனோ வியாபாரியின் விதவை சிசுரு அம்மாள் வீட்டில் இருப்பது பூதத் திரை. சாமுராய் ஒருவன் வெட்டி வைத்திருந்த தன் கையை, அவனுடைய அத்தை வேடத்தில் வந்து பூதம் பிடுங்கிக்கொண்டு பறக்கும் காட்சி. பழுதுபார்ப்பதாக வாங்கிப்போன திரைத் தொழிலாளி கனெமோரி, திருப்பிக் கொடுத்தது தன் நகலைத்தான்.

அம்மாள் கண்டுபிடித்தால் கடையும் போகும், கம்பியும் எண்ண வேண்டும்.

அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அடேயப்பா! பூதம் என்னைவிட இளமையா இருக்கே, கனெமோரி சான்!"

கனெமோரி அம்மாளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். கியோட்டோக்காரி பாராட்டினால் அது பாராட்டுதான் என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

"அழுக்கை மட்டுந்தாங்க எடுத்தேன்."

"உங்க அப்பா கை பட்டப்பவும் இப்படித்தான் பளிச்சுனு வந்துச்சு. தங்கமான மனுஷன்! அவரு புள்ளைங்கிற நம்பிக்கையிலதான் உங்ககிட்ட குடுத்தேன்."

அப்பாவின் நல்ல பெயர் இவ்வளவு வசதியாகப் பயன்படும் என்று கனெமோரி நினைத்ததே இல்லை. கொடுத்த பார்லி டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நழுவினார்.

அவர் கடையின் பின்னறையில், அசலுக்காக டோக்கியோ சேகரிப்பாளர் காத்திருந்தார்.

"ஓவியத்துக்கு அடியில ஒட்டின உள்தாளைப் பார்க்காம நான் எதையும் வாங்கறதில்லை."

"தாராளமா பாருங்க. நானூறு வருஷத்துச் சரக்கு, சும்மாவா?"

கனெமோரி சட்டத்தைக் கழற்றி, ஓவியத்தின் ஓரத்தை நனைத்து, பூப்போல உரித்தார்.

திரைத் தொழிலாளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. என்ன வேலை செய்தோம் என்று உள்தாளில் எழுதி முத்திரை குத்துவார்கள். அடுத்துத் திறக்கப்போகிறவனும் அதே தொழில்காரன் என்பதால், அங்கே மட்டும் யாரும் பொய் எழுதுவதில்லை.

டோக்கியோக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு கனெமோரியைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கனெமோரியும் குனிந்தார்.

'அசலை ஒசாகாவில் விற்றாயிற்று, இது நான் வரைந்த நகல்' என்றது அப்பாவின் அழகான கையெழுத்து.